இரண்டாவது ஷாக்

"இன்னிக்கிப் போயி ரெண்டாவது ஷாக்க வச்சிக்கினு வந்திடலாம். நாளைக்கி ஒரு நாள் படுத்துக்க. புதன்கிழமை உப்பு வாரணும்" என்றான் சிவப்பிரகாசம், வாய் கொப்பளித்த ஈரத்தைத் துண்டில் துடைத்தபடி.

பாஞ்சாலை டீச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். வைத்த வேகத்தில் பாதி டீ தரையில் சிந்தியது.

"ஷாக் வச்சிக்க நான் வரல. ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். துணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன்."

வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் குப்பம்மாளின் முறம் நின்றது.

"மெஷின்ல படுக்க வச்சி, வெளியில இருந்தே கிட்னியில இருக்குற கல்ல ஒடைக்கிறான். ஒடம்புல ஒரு கீறல் இல்ல. அத வுட்டுட்டு அறுத்துக்கறேன்னு எவளாவது சொல்லுவாளா? ஒன்றரை மாசம் கூடை தூக்காம கால நீட்டி உக்காரணும், அதானே? நேரா சொல்லிட்டுப் போயேன்டி."

பாஞ்சாலைக்குக் காது சுட்டது. போன மார்கழியில் கடல் உள்ளே புகுந்து உப்பளத்தையே சேறாக்கிவிட்டுப் போயிருந்தது. அந்தச் சேற்றை மிதித்துப் பாத்தி சமன் செய்தது இவள் கால்கள்தான். பங்குனியில் முதல் ஷாக் வைத்துக்கொண்டு வந்த மூன்றாம் நாளே தலையில் உப்புக்கூடை ஏறியது. உடைந்த கல் நீர்ப்பாதையில் அடைத்துக்கொண்டு, ரத்தமாகப் போனது. குளிர்சுரத்தில் பல் கிட்டியது. மழை வந்தால் உப்பு கரைந்துவிடுமே என்று வாய் திறக்காமல் சுமந்தாள். வெயிலில் அந்த வெள்ளைப் பாத்திகள் வேறு ஏதோ உலகத்துப் பனிவெளிபோல மின்னும். கண்ணை மூடிக்கொண்டு நடப்பாள்.

"முந்தாநாளு பெருமுக்கல்லுக்கு எங்கக்கா வூட்டுக்குப் போறேன்னு சொன்னேன் இல்ல? போகல. தனியா பாண்டிக்கு பஸ் ஏறி டாக்டரப் பாத்தேன்."

சிவப்பிரகாசத்தின் துண்டு பாதி முகத்தில் நின்றது.

"டாக்டரு படத்தக் காட்டினாரு. சின்னக் கல்லுக்குத்தாம்மா ஷாக்கு. உனக்கு இருக்கறது கோலிகுண்ட விடப் பெருசு. ஒடைச்சா எல்லாம் வெளிய வராது, வழியில அடைக்கும். முதுகுல சின்னதா ஓட்ட போட்டு எடுக்கறதுதான் நல்லதுன்னு மொதநாளே உங்க வூட்டுக்காரருகிட்ட சொன்னேனேன்னாரு. நீங்க வெளிய வந்து எங்கிட்ட என்ன சொன்னீங்க? ஷாக்குதான் நல்லதுன்னு டாக்டரே சொல்லிட்டாருன்னு..."

"ஏன்டா, டாக்டரு அப்பிடியா சொன்னாரு?" என்றாள் குப்பம்மாள்.

அவன் தரையைப் பார்த்தான். "அப்பாவ அறுத்தாங்களே, உசுரோட வந்தாரா? இவளும் அப்படியே போயிட்டா... பயமா இருந்துச்சு."

"பயந்தது நீங்க. ரத்தமா போனது எனக்கு. பயம்னா பயம்னு எங்கிட்ட சொல்லியிருக்கணும், பொய் ஏன் சொன்னீங்க? அதுவும் வெறும் பயந்தானா? புதன்கிழமை உப்பு வாரணும்னு இப்ப சொன்னது எந்த வாயி?"

அவள் மாமியாரின் பக்கம் திரும்பினாள்.

"அளத்துல எவ்ளோ தண்ணி குடிப்பேன்னு டாக்டரு கேட்டாரு அத்த. குடிக்க மாட்டேன்னேன். ஒரு பொதரு இல்லாத வெட்டவெளி, வரப்பு பூரா ஆம்பளைங்க. குடிச்சா எங்க போயி ஒதுங்கறது? கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு தூக்குல தண்ணி எடுத்தேன். மானம் போயிடும், வூட்டுக்கு வந்து குடின்னு புடுங்கி வச்சது நீங்க. அன்னையிலேர்ந்து நாக்கு ஒட்டிக்கினு சுமந்தேன். அதுல வெளஞ்ச கல்லு இது. சோம்பேறின்னு வேற பேரு எனக்கு."

குப்பம்மாளின் கை தானாகத் தன் இடுப்புக்குப் பின்னால் போனது.

"எங்க மாமியாளும் எனக்கு அதத்தான் சொன்னா" என்றாள் மெல்ல. "எனக்கும் இந்த எடத்துலதான்டி வலிக்குது. வயசாயிடுச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்..."

முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். பாஞ்சாலை கொஞ்ச நேரம் மரம்போல நின்றாள். பிறகு அவள் தோளும் குலுங்கியது.

அப்படியே மகன் பக்கம் முகத்தைத் திருப்பினாள் கிழவி.

"டேய், உங்கப்பன் அறுத்ததால சாவல. நாளைக்கிப் பாக்கலாம், நாளைக்கிப் பாக்கலாம்னு இழுத்து, கொடல் அழுகினப்புறம் தூக்கிக்கினு போனோம், அதனால செத்தாரு. இவளையும் அப்படித் தூக்கிக்கினு போவலாம்னு இருந்தியா? உப்பு கரையறதா இருந்தா கரையட்டும். நீயே வாரு, நீயே சொம. நான் எம் மருமவகூடப் போறேன்."

பாண்டி பஸ்ஸில் மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வண்டி நகர்ந்தபோது பின்படியில் யாரோ ஓடிவந்து தொற்றினார்கள். சிவப்பிரகாசம். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தான். பையைக் கொடு என்று கை நீட்டினான். பாஞ்சாலை பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"டாக்டருகிட்ட எல்லாத்தையும் உன் எதிர்லயே கேக்கறேன்" என்றான்.

"பாண்டிக்கு எத்தினி பேரும்மா?" என்று கண்டக்டர் வந்தார்.

"ரெண்டு பேரு" என்றாள் குப்பம்மாள் வெடுக்கென்று.

பாஞ்சாலை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இன்னும் விலாவில் கல்லைவிட அதிகமாக உறுத்திக்கொண்டிருந்தது.

"மூணு குடுங்க" என்றாள். "எடம் காலியானாலும் அந்த ஆளு நின்னுக்கினேதான் வருவாரு."