அக்காவின் அறிகுறி

அவள் உள்ளே காலை வைத்ததும் சத்தம் நின்றது.

வெளியே நல்ல வெயில். ஆய்வகத்தின் எலிக்கூடத்தில் மட்டும் இரவு. எலிகள் இருட்டில்தான் விழித்திருக்கும், மனிதர்கள் பகலில்தான் வேலைக்கு வருவார்கள் என்பதால், இரண்டு தரப்புக்கும் சமாதானமாக அந்த அறையில் பொழுதையே புரட்டிப் போட்டிருந்தார்கள். பகலெல்லாம் மங்கிய சிவப்பு விளக்கு. மரத்தூளும் மூத்திரமும் கலந்த புழுக்கத்தில், அடுக்கடுக்கான கூண்டுகளுக்குள் கீறுவதும் கொறிப்பதும் தண்ணீர்க் குழாயை நக்குவதுமாக ஓயாத ஒரு சலசலப்பு இருந்துகொண்டே இருக்கும். கதவுக்கு வெளியே நின்றபோதுகூட அது கேட்டது. இப்போது யாரோ தொண்டையைப் பிடித்ததுபோல் அடங்கிவிட்டது.

"உங்களுக்கு மட்டும்தான் இப்படி, டாக்டரம்மா," என்றார் கூண்டு கழுவுகிறவர். "நான் பாட்டே பாடினாலும் கண்டுக்காதுங்க. பெரிய படிப்புன்னா எலிக்கும் ஒரு மரியாதை போல."

அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை.

அந்த எலிகளின் மண்டைக்குள் இருந்தவை மனித மூளைச் செல்கள். அக்காவுடையவை. மூளையை அரிக்கும் கிருமி ஒன்று அக்காவைப் பேச்சில்லாமல் படுக்கையில் போட்டிருந்தபோது, இவள்தான் அவள் தோளிலிருந்து ஒரு சிட்டிகைத் தோலை எடுத்தாள். அதை மூளைச் செல்லாக வளர்த்து, அப்போதுதான் பிறந்த எலிக்குட்டிகளுக்குள் செலுத்தினார்கள். பிறகு அதே கிருமியையும் செலுத்தினார்கள். மனிதருக்கு மட்டுமே வந்த நோய் எலிக்கும் வந்தது. "எலிக்கு மனுஷ மூளை வச்சாச்சு, இனி நம்ம நிர்வாகத்துக்கு வைக்கிறதுதான் பாக்கி" என்பது கூண்டு கழுவுகிறவரின் பழைய ஹாஸ்யம்.

அவரை அனுப்பிவிட்டுக் குனிந்து பார்த்தாள். கூண்டிலிருந்த அத்தனை எலிகளும் அவளுக்கு முதுகைக் காட்டி, மூலையைப் பார்த்து உட்கார்ந்து, இடது முன்காலால் இடது காதைப் பொத்தியிருந்தன. அடுத்த கூண்டிலும் அப்படியே. அதற்கு மேல் தட்டிலும்.

தோலெடுக்க இவள் ஊசியோடு போன அன்று அக்காவும் இப்படித்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக் காதைப் பொத்தினாள். நோயின் அறிகுறி என்றாள் இவள். பக்கத்திலிருந்த மருத்துவர்கள் தலையாட்டினார்கள். சின்ன வயதிலிருந்தே 'முடியாது, போடி' என்பதை அக்கா சொல்லும் விதம் அது என்று அந்தக் கட்டிலருகே தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.

கதவு திறந்தது. மைக்கார். நிறுவன இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பெயர். மேடையில் மைக்கைக் கண்டால் கட்டிக்கொள்வார்.

"ஏம்மா, காதைப் பொத்துதாமே! அப்படியே உங்க அக்கா மாதிரி! அறிகுறின்னா இதுல்ல அறிகுறி!" கையிலிருந்த சாயங்காலக் கூட்டத்து உரையிலிருந்து ஒரு வரியை ராகம் போட்டு வாசித்தார். "'இந்த எலிகள் மானுடம் தழைக்கத் தம்மையே தியாகம் செய்கின்றன.' எப்படி?"

ஆய்வகத்தில் கொல்வதைக் கொல்வது என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு ஆங்கிலத்தில் வைத்திருந்த 'சாக்ரிஃபைஸ்' என்ற நாகரிகமான சொல்லை அவர் தமிழுக்கு அழைத்து வந்திருந்தார்.

"தியாகம்னா சம்மதிச்சிருக்கணுமே, சார்."

"எலிகிட்ட யாரும்மா சம்மதம் கேட்டா?" குலுங்கிச் சிரித்தார்.

"அக்காகிட்ட?"

சிரிப்பு நின்றது. "அக்காகிட்டதான் நீ கேட்டியே. கேட்டேல்ல?"

'முடியாதுன்னா' என்று ஒரு சொல் போதும். எல்லாம் நின்றுவிடும், உரை, எலிகள், அவளுடைய நாற்காலி.

"கேட்டேன், சார்."

"அப்புறமென்ன! சாயங்காலக் கூட்டத்துக்கு முன்னாடி முடிச்சு, மூளைங்கள எடுத்து வச்சிரு."

அவர் போனார். கதவு மூடிக்கொண்டது. சிவப்பு வெளிச்சத்தில் அவளுடைய மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து முதல் கூண்டின் வாயோடு ஒட்டி வைத்தாள். அதற்குள் கரியமில வாயுவைக் கொண்டுவரும் குழாயைச் செருகினாள். எலியைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒன்று காதிலிருந்து காலை எடுத்தது. திரும்பியது. அவளைப் பார்த்துக்கொண்டே நடந்து பெட்டிக்குள் போனது. அடுத்தது. அதற்கடுத்தது. அவசரமில்லை. தள்ளுமுள்ளு இல்லை. உள்ளே போய், எந்த எலியும் படுக்காத விதத்தில், ஒருக்களித்து, வரிசையாக, ஓர் ஓரமாக ஒதுங்கிப் படுத்தன. பாதிப் பெட்டி காலி.

இடி இடிக்கும் ராத்திரிகளில் அக்கா சுவரோரம் இப்படித்தான் ஒதுங்குவாள். போர்வையைத் தூக்கிப் பிடிப்பாள். வா, குட்டி. பயமா இருந்தா இங்க வந்து படு.

மூடியை இறக்கினாள். குழாயின் திருகைத் திருப்பினாள்.

வாயு சீறி இறங்கியது. மூச்சு அடங்க வேண்டிய நேரம் வந்தது. கடந்தது. எதுவும் துடிக்கவில்லை. ஒரு கண்ணும் மூடவில்லை. அத்தனையும் அவளையே பார்த்தன. கோபமில்லாமல்.

கடைசியாகப் படுத்த எலி முன்காலை நீட்டியது. பக்கத்தில் விட்டிருந்த இடத்தை மெல்லத் தட்டியது.

தட்டிக்கொண்டே இருந்தது.