பதினேழாம் வில்லை

எங்கள் பாய்மரப் படகு கிளப்புக்கு நூறு வயதாகிறது. அதன் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். குளிர்காலத்துக்காகப் படகுகளைக் கரையேற்றி முடித்த ஓர் அக்டோபர் பிற்பகலில், பழைய படங்களைப் பார்க்கக் கிளப்புக்குப் போனேன். ஒண்டாரியோ ஏரியை மூடுபனி மறைத்திருந்தது. உள்ளே ஈரக் கயிற்று வாடை.

வாசலை ஒட்டி அந்தப் பலகை. படகுக்கு ஒன்றாக வட்ட மர வில்லைகள் தொங்கும். ஏரிக்குப் போகிறவர் தன் வில்லையைச் சிவப்புப் பக்கம் திருப்புவார். கரைக்கு வந்ததும் வெள்ளைக்கு மாற்றுவார். அடுத்தவர் வில்லையை யாரும் தொடக்கூடாது. இருட்டும்போது ஏதாவது ஒன்று சிவப்பாக இருந்தால், மணியடித்துத் தேடப் போவோம்.

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் என் தம்பி வெய்னை யாரும் தேடவில்லை. அவனுடைய பதினேழாம் வில்லை வெள்ளையாக இருந்தது. மறுநாள் படகு மட்டும் கவிழ்ந்து கிடந்தது. கரைக்கு வந்தவன், சிவப்புக்குத் திருப்பாமலே மறுபடி போய்விட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. நான் நம்பவே இல்லை. சாப்பாட்டை மறந்தாலும் வில்லையை மறக்காதவன் அவன்.

ஹார்லன் சன்னலோரம் காபியோடு உட்கார்ந்திருந்தார். அன்று கிளப்பைப் பூட்டிப் போனவர். இன்று தலைவர்.

"நோரீன், வெய்ன் விஷயத்த எழுதிட்டியா? 'அவரோட கவனக்குறைவு'ன்னு ஒரு வரி போதும். கிண்டிக் கெளறாத."

"அவன் மறக்குற ஆளில்ல, ஹார்லன்."

"செத்தவனுக்குத்தான் எல்லாரும் சர்டிபிகேட் குடுப்பீங்க."

டொக்.

மரத்தில் மரம் இடிக்கும் சத்தம்.

திரும்பினோம். பதினேழு சிவப்பாக இருந்தது. அவன் நினைவாக வெள்ளைப் பக்கம் தெரியும்படி ஆணியடித்திருந்தோம். அந்த ஆணி தரையில் கிடந்தது.

வில்லையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஹார்லன் எரிச்சலோடு எழுந்து போனார். விளக்கை அணைப்பதுபோல, யோசிக்காமல், கட்டைவிரலால் அதை வெள்ளைக்குத் தட்டினார். "வந்தவனுக்கு இதத் திருப்ப வலிக்குதாக்கும்..."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அன்னிக்கும் இப்படித்தான் திருப்புனீங்களா?" என்றேன் மெதுவாக.

அவர் முகம் வெளுத்தது. "டின்னருக்கு நேரமாச்சு. அவன் காரு வெளிய இல்ல. வீட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சேன். சத்தியமா, நோரீன்."

அந்தக் காரை அன்று கேட்காமல் எடுத்துப் போனவள் நான்.

டொக்.

மறுபடி சிவப்பு.

ஹார்லன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். நான் நோட்டைத் திறந்து எழுதினேன். வில்லையைத் திருப்பியவர் ஹார்லன். காரை எடுத்தவள் நான். இரண்டையும் எழுதிப் பேனாவை வைத்தேன்.

டொக்.

பதினேழு வெள்ளையாகியிருந்தது.

"வந்துட்டியாடா?" என்று கேட்டு அழுதேன். மனசை விட்டுப் போயிருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்தது போலிருந்தது.

பிறகுதான் மேல் வரிசையைப் பார்த்தேன். மூன்றாம் எண், ஹார்லனுடையது, சிவப்பாக இருந்தது.

அவர் படகு தார்ப்பாய் போர்த்தி வெளியே கரையில்தான் நின்றது. அவர் காரும் அங்கேயே இருந்தது.

ஓடிப்போய் மணியடித்தேன். ஊரே திரண்டு மூன்று நாள் தேடியது. அவர் கிடைக்கவில்லை.

மூன்றாம் வில்லை இன்னும் சிவப்பாகவே தொங்குகிறது. அடுத்தவர் வில்லையை நான் தொடுவதில்லை. காலையில் கிளப்பைத் திறக்கும்போதெல்லாம் அதன் கீழே தரை நனைந்திருக்கிறது.