பெட்டி பிரிக்காத நாயகர்கள்

கோவை மெய்ப்பாவை மன்றத்தில் நானூற்றுப் பன்னிரண்டு எரிமுகன்கள் இருந்தார்கள். ஒருவரையும் யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் பெட்டிக்குள்.

எரிமுகன் ஒரு சினிமா நாயகன்; இவர்கள் அவன் உருவில் செய்த பாவைகள். ஒரு முழ உயரம். மயிர்க்கால், தழும்பு, வியர்வை வரைக்கும் திரையில் வருகிற அதே ஆள். நெஞ்சுக்குள் குணக்கரு: ஒன்பது பாகங்களையும் குடித்து வளர்ந்து, எரிமுகனைப் போலவே யோசிக்கிற மூளை. அப்பேர்ப்பட்டதை வாங்கி, முத்திரை உடைக்காமல் அலமாரியில் அடுக்கிவிட்டு, அதன் முன்னால் நின்று ஐந்தாம் பாகம் பெரிதா ஆறாம் பாகம் பெரிதா என்று காபி ஆறும்வரை பேசுவார்கள். பிரித்தால் மதிப்பு போய்விடுமாம்.

அஞ்சுகத்தின் தோளில் உட்கார்ந்திருந்தது மட்டும் பிரித்த பாவை. அவள் வேலை பார்க்கும் பார்சல் கிடங்கில், மூலை நசுங்கியதால் எந்தச் சேகரிப்பாளரும் தீண்டாமல் கழித்துப்போட்ட பெட்டியில் இருந்தது. அதைக் கிழித்த அன்றுதான் அடியில் கிடந்த கையேட்டைப் படித்தாள். 'குணக்கரு ஆலையிலேயே விழித்துவிடும். ஒரு மாதத்துக்குள் திறக்கவும்.' அடிபடாமலிருக்கப் பஞ்சடைத்த பெட்டி. உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. கையேடோ பெட்டிக்குள். பிரிக்காதவனுக்கு எப்படித் தெரியும்?

மன்றத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். "உறுப்பினர் கடிதம் மட்டுமே ஏற்கப்படும்" என்று மூன்று தடவையும் பதில் வந்தது. அதனால் மன்றத்தின் ஆண்டு வினாடி வினாப் போட்டிக்கு வந்துவிட்டாள். அது எல்லாருக்கும் பொது. வென்றவர் கேட்பதை மன்றம் செய்தே ஆக வேண்டும். வழக்கமாக, அரிய பெட்டி ஒன்றை ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளக் கேட்பார்கள்.

மன்றத் தலைவர் மதனகோபால் அவள் தோளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏனுங்க அம்மணி, பிரிச்சுப்போட்டீங்களா? இனி அது வெறும் பொம்மைதானுங்க."

"நீங்க மட்டும் என்ன வெச்சிருக்கீங்க? அட்டைப்பெட்டிதானே."

பின்வரிசையில் ஒருவர் சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

இறுதிச் சுற்றில் அஞ்சுகமும் மதனகோபாலும்தான் மிஞ்சினார்கள். படக் கம்பெனியிலிருந்து நடுவராக வந்திருந்த நிலோபர் கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

"பத்தாம் பாகத்துல எரிமுகன் முதல்ல என்ன செய்வான்?"

மதனகோபால் தன் கதையில் சனிக்கிரக வளையத்துக்குப் போனார். மூன்றாம் பாகத்தில் தப்பிய வில்லனுக்கு ஒரு தம்பியைப் பிறப்பித்தார். இரட்டை வாள் சுழன்றது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"அவ்வளவு தூரமெல்லாம் போகமாட்டான்," என்றாள் அஞ்சுகம். "இந்த அலமாரியைத் திறப்பான்."

"எதை வெச்சுச் சொல்றீங்க?" என்றாள் நிலோபர்.

"அவனையே கேளுங்க."

எரிமுகன் மேசையில் குதித்து நின்றான். "எட்டு மாசம் இருட்டுல கிடந்தேன். கத்திக் கத்தித் தொண்டை போச்சு. அங்க எத்தனை பேர் இருக்காங்க?"

அஞ்சுகம் கையேட்டை ஒலிபெருக்கியில் வாசித்தாள், இரண்டு முறை.

நிலோபர் மதிப்பெண் அட்டையைக் கீழே வைத்தாள். "அவனே சொன்ன பிறகு நான் என்ன சொல்றது? ஜெயிச்சது இவங்கதான்."

"என்ன வேணுங்க?" தலைவரின் குரல் இறங்கியிருந்தது.

"எல்லாத்தையும் திறக்கணும். இப்பவே. நீங்களே."

"மதிப்பு போயிருமுங்களே…"

"போகட்டும்."

முதல் முத்திரையை அவர்தான் அறுத்தார். பிறகு மண்டபம் முழுக்க அட்டை கிழியும் சத்தம். நானூற்றுப் பன்னிரண்டு எரிமுகன்களும் மேசைகளில் ஏறி நின்று கைகால்களை நீட்டி முறித்தார்கள். அஞ்சுகம் நாற்காலிமேல் ஏறிக்கொண்டு, தொண்டை கிழியச் சிரித்தாள்.

முதல் பெட்டி ஏழு வருடப் பழசு. அதிலிருந்தவன் கண்ணைச் சுருக்கி மதனகோபாலை நிமிர்ந்து பார்த்தான்.

"எத்தனை நாளா இதைப் பண்ணிட்டிருக்க?"

ஒன்பது பாகங்களிலும் வில்லனைக் கண்டதும் எரிமுகன் பேசும் முதல் வசனம் அது. மதனகோபாலுக்கு மனப்பாடம். கூடவே அவர் உதடும் அசைந்தது.