பக்கத்து வீட்டுக் கிண்ணம்

துளசியும் அவள் கணவன் ஷர்வினும் வீடு பார்க்க வந்த அன்று பத்தாங் பெர்ஜுந்தாயில் வெயில் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசையில் அது கடைசி வீடு. தோட்டம் கைமாறியபோது லயங்களில் குடியிருந்த தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள் அவை. ஒரு பக்கம் செம்பனை மரங்கள். மறுபக்கம் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இன்னொரு வீடு. அதன் கேட்டில் சங்கிலி தொங்கியது. முற்றத்தில் லாலாங் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

"வாங்கம்மா. பார்த்து, படி வழுக்கும்," என்று வீட்டுக்காரி தனேஸ்வரி வாசலுக்கே வந்து துளசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். துளசிக்கு நாலு மாத வயிறு.

துளசியை நினைத்துப் பயந்துவிடாதீர்கள், கண்ணுகளா. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இந்தக் கதையில் ஒரு கெடுதலும் வராது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகக் கேளுங்கள்.

தனேஸ்வரி அவர்களை நேராகச் சமையலறைக்குத்தான் கூட்டிப் போனாள். அவள் பெருமை எல்லாம் அங்கேதான் இருந்தது. கணவன் சேது மட்டும் உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கிச்சன் எவ்ளோ பெருசா இருக்கு!" என்றான் ஷர்வின்.

"நாங்க இழுத்துக் கட்டினது தம்பி. முன்ன ஒரு ஆளு சமைச்சா இன்னொரு ஆளு வெளிய நிக்கணும்."

துளசி பொதுச்சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

"ஆன்ட்டி, பக்கத்து வீட்ல யாரு? எங்கம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. வீடு பழசா இருந்தாக்கூடப் பரவால்லயாம். பக்கத்து வீட்டோட சண்டை கிண்டை இருந்தா வேணாம்னாங்க."

சேது தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தான்.

"அங்க யாரும் இல்லம்மா. பூட்டிக் கிடக்கு," என்றாள் தனேஸ்வரி.

"முன்ன இருந்தவங்க?"

"அகதாக்கா. தங்கமான மனுஷி. ஒரு பிரச்சினையும் இல்ல லா! தீபாவளிக்கு நான் முறுக்குக் குடுப்பேன், கிறிஸ்மஸுக்கு அவங்க கேக் குடுப்பாங்க. அப்படி இருந்தோம்."

சுவரின் அந்தப் பக்கத்தில் டங் என்றது.

"என்ன சத்தம்?" என்றான் ஷர்வின்.

"எலி தம்பி. காலி வீடுதானே."

முறுக்கும் கேக்கும் உண்மைதான். அந்த இரண்டு வீட்டுக்கும் இடையே நீலப்பூ போட்ட எனாமல் கிண்ணம் ஒன்று பல வருடம் போய் வந்துகொண்டிருந்தது. தனேஸ்வரியின் கிண்ணம், விளிம்பில் கொஞ்சம் பூச்சு உதிர்ந்தது. அகதா அதை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பித் தந்ததில்லை. கேக் இல்லாவிட்டால் சீனியாவது போட்டுத்தான் தருவாள்.

பிறகு தனேஸ்வரி சமையலறையை இழுத்துக் கட்டினாள். இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஓடிய லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாயின் மேலேயே கட்டினாள். சிமெண்டைக் கொட்டி அதை அடைக்கும்போது, "வேணாம் தனா, தண்ணி எங்க போகும்?" என்று சேது கேட்டான்.

"அவ வீட்டுக்குப் போகட்டும்," என்றாள்.

போனது. மழை பெய்தபோதெல்லாம் அகதாவின் சமையலறையில் கறுப்புத் தண்ணீர் ஏறியது. தனியாக இருந்த மனுஷி. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாளி வாளியாக அள்ளிக் கொட்டுவாள். நகராட்சியில் புகார் கொடுத்தாள். வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வேலியோரம் வந்து கெஞ்சினாள்.

"மழை பெஞ்சா தண்ணி வரத்தான் செய்யும். ஒரு சம்பான் வாங்கிப் போட்டுக்கோங்க, துடுப்புப் போடலாம்," என்று சிரித்தாள் தனேஸ்வரி.

அகதா அழவில்லை. "உன் கிண்ணம் என்கிட்டதான் இருக்கு தனா," என்றாள். "வெறுங்கிண்ணமா நான் குடுத்ததில்ல. இதையும் ஒருநாள் நிறைச்சுக் குடுக்கிறேன்."

வருடக் கடைசி மழை. ஒரு பிற்பகல். சேது வெளியே போயிருந்தான். தனேஸ்வரி டிவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் டங் டங் என்றது. சண்டைக்குத்தான் தட்டுகிறாள் என்று முதலில் நினைத்தாள். அப்புறம் தன் பெயர் கேட்டது. "தனா... விழுந்துட்டேன் தனா..." குரல் தரையோடு தரையாக வந்தது. அது சண்டை இல்லை என்று தனேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது.

புரிந்த பிறகுதான், வளையல் குலுங்க, ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

மறுநாள் மாதா கோயில் பெண்கள் வந்து கதவை உடைத்தார்கள். அகதா தன் சமையலறைத் தண்ணீரில் குப்புறக் கிடந்தாள். தலைமாட்டில் அந்தக் கிண்ணம் மிதந்துகொண்டிருந்தது. அடக்கத்தில் சத்தம் போட்டு அழுதவள் தனேஸ்வரி. அகதாவின் மகன் ஹியூபர்ட் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜொகூருக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வெயிலோ மழையோ, அந்தச் சுவர் சும்மா இருக்கவில்லை. அந்தச் சுவரை விட்டுப் போனால் போதும் என்று ஆகிவிட்டது தனேஸ்வரிக்கு. வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

வீடு துளசிக்குக் கைமாறியது. தனேஸ்வரியும் சேதுவும் புஞ்சாக் ஆலாமில் புது வரிசை வீடு ஒன்றை வாங்கினார்கள். பக்கத்தில் ஆளே இருக்கக்கூடாது என்று தேடி வாங்கினாள். ஒட்டிய வீடு இன்னும் விற்கவில்லை. மின்சாரம் கொடுக்கவில்லை. கண்ணாடிகளில் ஒட்டிய காகிதம்கூடக் கிழிக்கப்படவில்லை. சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். அமைதி. அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

ஒருநாள் காலை துளசியிடமிருந்து போன் வந்தது.

"ஆன்ட்டி, இன்னிக்குப் பால் காய்ச்சினோம். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் ஒரு டம்ளர் குடுத்தேன்."

"எந்தப் பக்கத்து வீடு?"

"நம்ம சுவரை ஒட்டின வீடுதான். நீங்க யாரும் இல்லன்னீங்க. அவங்க வேலிகிட்டயே நின்னாங்க. பூக்கைலி, முழங்கால் வரைக்கும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. 'குனிஞ்சு தரை துடைக்காத கண்ணு, வழுக்கும், வீட்டுக்காரனைத் துடைக்கச் சொல்லு'ன்னாங்க. ஷர்வின் மூஞ்சியப் பார்க்கணுமே!"

துளசி சிரித்தாள். தனேஸ்வரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வேற... வேற என்ன சொன்னா?"

"தனா என்னைப் பத்தி என்ன சொன்னான்னு கேட்டாங்க. நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். ஒரு பிரச்சினையும் இல்ல, கேக்கெல்லாம் குடுப்பாங்கன்னு. அதுக்கு அவங்க சிரிச்சாங்க பாருங்க. ரொம்ப நேரம் சிரிச்சாங்க ஆன்ட்டி."

அந்த இடத்தில் ஒரு வழி இருந்தது, கண்ணுகளா. 'துளசி, நான் சொன்னது பொய்' என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் வீட்டைத் திருப்பித் தருவார்கள். மறுபடியும் அந்தச் சுவர். தனேஸ்வரி எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கினாள்.

"அவங்க மகன் வீட்ல இருக்காங்கம்மா. அப்பப்ப வந்து பார்த்துட்டுப் போவாங்க."

"அப்படியா? உங்க கிண்ணம் ஒண்ணு அவங்ககிட்ட இருக்காம். கையிலயே குடுக்கணும்னாங்க. அட்ரஸ் சொல்லிட்டேன். பரவால்லதானே ஆன்ட்டி?"

அந்த வாரம் முழுவதும் மழை.

சேது முடி வெட்டப் போயிருந்த ஒரு பிற்பகல். தனேஸ்வரி டீ போடச் சமையலறைக்குள் நுழைந்தாள். நுழையும்போதே மூக்கில் ஏறியது. கால்வாய்ச் சேற்று நாற்றம். அதன் மேல், மூட்டுவலிக்கு அகதா தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை.

பின்கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது.

அடுப்பு மேடையில் கிண்ணம் இருந்தது.

நீலப்பூ. பூச்சு உதிர்ந்த விளிம்பு.

வெறுமையாக இல்லை. விளிம்பு வரை கறுப்புத் தண்ணீர். அடியில் ஒரு சிமெண்டுக் கட்டி. அதில் ஒட்டிக்கொண்டு நரைத்த முடி.

தனேஸ்வரி தொடவில்லை. கிண்ணம் தானாக வழிந்தது. மேடையில் ஓடி, விளிம்பில் இறங்கி, தரையில் பரவியது. அவ்வளவு சின்னக் கிண்ணத்தில் அவ்வளவு தண்ணீர். தரைத் துவாரமும் கடகடவென்று கறுப்பாகக் கக்கியது.

திரும்பி ஓடப் பார்த்தாள்.

கால் வழுக்கியது.

இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. எழுந்திருக்க முடியவில்லை. கன்னத்துக்கு அடியில் தண்ணீர் சில்லென்று ஏறியது. கிண்ணம் மிதந்து அவள் கைக்கே வந்தது.

எட்டிய தூரத்தில் சுவர் இருந்தது. கிண்ணத்தால் தட்டினாள்.

டங்.

அந்தப் பக்கத்தில் பாட்டு கேட்டது. டிவி நாடகத்துப் பாட்டு.

யாரோ இருக்கிறார்கள்! அவள் அழுதபடி தட்டினாள். "விழுந்துட்டேன்! யாராச்சும் வாங்க! இடுப்பு போச்சு!"

பாட்டு நின்றது. யாரோ சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்பது தெரிந்தது. தண்ணீரில் கால் வைக்கும் சளக் சளக் சத்தம்.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் மின்சாரம் இல்லை.

"அகதாக்கா," என்றாள் மெல்ல.

சளக் சத்தம் நின்றது.

"கேட்டுச்சுக்கா. அன்னிக்கு நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. தெரிஞ்சேதான் வரல. நான்தான் லோங்காங்க அடைச்சேன். துளசிகிட்டச் சொல்லிடறேன், எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். தூக்கி விடுங்கக்கா!"

தண்ணீர் காதுக்குள் புகுந்தது.

அந்தப் பக்கத்தில் அகதா டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

சேது வந்து கதவைத் திறந்தபோது சமையலறைத் தரை காய்ந்து கிடந்தது. தனேஸ்வரியின் தலைமுடியும் சேலையும் மட்டும் நனைந்திருந்தன. இறந்தவள் நெஞ்சு நிறையக் கால்வாய்த் தண்ணீர் இருந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எந்தக் கால்வாய் என்று சேது கேட்கவில்லை. கிண்ணம் எங்கேயும் இல்லை.

அவனால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. விற்கப் போட்டான். ஒரு சனிக்கிழமை நல்ல வெயிலில் மாலா என்றொரு டீச்சர் வீடு பார்க்க வந்தாள். எல்லா அறையும் பிடித்துப் போயிற்று. சமையலறைக்கு வந்ததும் சுவரில் கையை வைத்தாள்.

"இங்க மட்டும் ஏன் அங்கிள் ஈரமா இருக்கு? பக்கத்துல யாரு?"

சேது ஜன்னல் வழியாகப் பார்த்தான். பக்கத்து வீட்டுக் கண்ணாடிகளில் காகிதம் இன்னும் அப்படியே இருந்தது.

"யாரும் இல்லம்மா. காலி வீடு..."

டங்.

கிண்ணம்தான். அவனுக்குத் தெரியும். அது அடங்குவதற்குள் இன்னொரு சத்தம் வந்தது. சுவரின் அடியில், தரையோடு தரையாக. வளையல் போட்ட ஒரு கை, விடாமல் தட்டுகிற சத்தம்.

சேது மாலாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"இருக்காங்கம்மா," என்றான். "ரெண்டு பேர். உக்காருங்க, எல்லாத்தையும் சொல்லிடறேன்."