மாசிக்காய்த் தண்ணீர்

நாட்டு வைத்தியம் பார்க்கும் அகஸ்டினா கல்லடிபட்ட நெற்றியோடு வந்து நின்றபோது தனிஸ்லாஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் போலீசிலிருந்து ஓய்வுபெற்றவர், எதற்கும் பதறாதவர். அவருக்கும் சேர்த்துப் பதறுவதற்குக் கூட்டாளி பக்கிரி இருந்தான்.

"முசியே, பரு போறதுக்கு நான் குடுத்த மாசிக்காய்த் தண்ணியால கல்யாணப் பொண்ணு மூஞ்சி கறுத்துப்போச்சாம். நாளைக்குக் கல்யாணம். என்னை நெல்லித்தோப்பை விட்டே தொரத்துறாங்க!"

"விஷமேதான்!" என்றான் பக்கிரி. அகஸ்டினா அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

மணப்பெண் லூர்துசெல்வியின் வீட்டில் ஒருவரும் அவர்களை வா என்று கூப்பிடவில்லை. பெண்ணின் அத்தை ஸ்டெல்லாமேரி வாசலிலேயே வழிமறித்தாள். "பாவி, குடியைக் கெடுத்துட்டு இங்கயே வரியா? எரியுதுன்னு பொண்ணு துடிச்சா. நான்தான் குனிய வெச்சு, செம்புத் தண்ணிய ஊத்திக் கழுவி விட்டேன்."

தனிஸ்லாஸ் பெண்ணைப் பார்த்தார். முகம் மை பூசியதுபோல் கறுத்திருந்தது. கழுத்தில் வழிந்து காய்ந்த கஷாயமோ வெறும் பழுப்பு.

"கழுவுறதுக்கு முன்னாடி முகம் எப்படி இருந்துச்சு?"

"செவந்திருந்துச்சு. கறுக்கல," என்றாள் லூர்துசெல்வி.

"ஸ்டெல்லாமேரி, உன் மகனுக்கு என்ன வேலை?"

"மில்லுல சாயம் போடுறான். அதுக்கென்ன இப்போ?"

தனிஸ்லாஸ் அங்கிருந்த கஷாயக் குடுவையை எடுத்தார். மீதிக் கஷாயத்தில் கொஞ்சத்தை அகஸ்டினாவின் சேலை ஓரத்தில் ஊற்றினார். பழுப்பாக நனைந்தது. மிச்சத்தை ஸ்டெல்லாமேரியின் சேலை ஓரத்தில் ஊற்றினார். அங்கே கறுப்புப் புள்ளிகள் கிளம்பின.

"மில்லுல துணிக்குக் கறுப்பேத்துறது இப்படித்தான். முதல்ல மாசிக்காய் மாதிரி துவர்ப்புத் தண்ணி, அப்புறம் அன்னபேதிங்கிற இரும்பு உப்பைக் கரைச்ச தண்ணி. ரெண்டும் சேர்ந்தா கறுப்பு. உன் செம்புல இருந்தது வெறுந்தண்ணி இல்ல. ஊத்துறப்ப தெறிச்சது உன் சேலையிலேயே காஞ்சிருக்கு."

"ஆமா, செஞ்சேன்!" ஸ்டெல்லாமேரி சீறினாள். "முறைப்பையன் என் புள்ள இருக்கறப்ப அசலுக்குக் குடுப்பாங்களா? இந்த மூஞ்சியை இனிமே எவன் கட்டுவான்? என் புள்ளதான் கட்டணும்."

அகஸ்டினா வாய் திறக்கும் முன் தனிஸ்லாஸ் அவள் பக்கம் திரும்பினார். "நீயும் யோக்கியம் பேசாத. எரிச்சல் உன்னாலதான். இவ்வளவு கெட்டியாவா காய்ச்சுறது? தண்ணி கலந்து, முதல்ல கையில தடவிப் பார்க்கச் சொல்ல வேணாம்?" அவள் தலைகுனிந்தாள்.

"எலுமிச்சம்பழம் தேய்ச்சா கறை போயிடும், முசியே!" என்று துள்ளினான் பக்கிரி.

"புண்ணு மேல தேய்ச்சா தோலும் சேர்ந்து போயிடும். சும்மா விட்டா கொஞ்ச நாள்ல தானா உதிரும். ஆனா நாளைக்குள்ள போகாது."

லூர்துசெல்வி எழுந்து அத்தையின் நேரே போய் நின்றாள்.

"நாளைக்கு இந்த மூஞ்சியோடதான் கோயிலுக்குப் போறேன், அத்தை. அவரு கட்டலன்னாலும் சரி, உன் மவனுக்கு மட்டும் கழுத்த நீட்ட மாட்டேன்."