மாதிரி டப்பா

காலை 7.10. காய்ச்சல் ஆஸ்பத்திரியின் மூன்றாம் கட்டிலில் இஸ்திரிக்காரியின் ஏழு வயது மகள் கண்ணை மூடிவிட்டாள். நான்கு நாளாகச் சிங்கோனா பட்டைக் கசாயம் குடித்த பிள்ளை. அந்தப் பட்டையைக் கண்டால் மலேரியாக் காய்ச்சல் ஓட வேண்டும். ஓடவில்லை, பிள்ளைதான் போனாள்.

7.40க்குள் தெரு தீர்ப்பு எழுதிவிட்டது: கம்பவுண்டர் நல்ல பட்டையை விற்றுத் தின்றுவிட்டு, வெறும் கட்டையை வேகவைத்துக் கொடுத்திருக்கிறான். குழாயடி இருக்கும்போது நீதிமன்றம் எதற்கு?

8.05. இன்ஸ்பெக்டரம்மா வந்து இறங்கினார். முகத்துக்கு நேரே 'அம்மா', முதுகுக்குப் பின்னே 'மிளகாய்'. மற்றவர்களுக்கு அழுகை வரும் இடத்தில் அவருக்குக் கோபம் வரும். அன்று முகம் காது மடல்வரை சிவந்திருந்தது.

"மருந்தைக் குடிச்சாளா, துப்பினாளா?"

"துப்பலம்மா," என்றாள் இஸ்திரிக்காரி. "போன வருஷம் இதே கசாயத்துக்கு நாலு பேர் அமுக்கிப் பிடிச்சோம். இந்தத் தடவை மடமடன்னு குடிச்சா. பிள்ளைக்குப் புத்தி வந்திருச்சுன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன்..."

கான்ஸ்டபிள் 'தாயின் புலம்பல்' என்று ஒரு வரி எழுதிப் பக்கத்தைப் புரட்டினார்.

8.20. மருந்தறை. அலமாரியில் பூட்டு. ஒரு சாவி கம்பவுண்டர் இடுப்பில், இன்னொன்று டாக்டரிடம்.

"நான் அந்த அலமாரியைத் திறந்ததே இல்ல," என்றார் டாக்டர், பெருமையாக.

"திறந்து பாக்கிறது யாரு வேலை? எங்க ஸ்டேஷன் வேலையா?"

டாக்டர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

மிளகாய் கம்பவுண்டர் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

"மென்னு பாக்காம ஒரு மூட்டையும் உள்ள எடுத்ததில்லம்மா. இருபது வருஷமா இந்த நாக்குதான் தராசு. முதல்ல மாதிரி டப்பாவுல ஒரு துண்டு. அது அசல் பட்டை. உடனே புது மூட்டையில ஒரு துண்டு. ரெண்டும் ஒரே மாதிரி கசந்தாத்தான் ஜாடியில கொட்டுவேன்."

"கசந்துச்சா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா."

"மூட்டை கொண்டு வந்தவன்?"

"என் மச்சான்தான். சம்சாரத்தோட தம்பி. பட்டை வியாபாரம் பண்றான்."

8.50. எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார் மிளகாய். ஜாடியிலிருந்து ஒரு துண்டை மென்றார். அடுத்து மாதிரி டப்பாவில் ஒன்று. மறுபடியும் ஜாடியில் ஒன்று. பிறகு மேஜைமேல் விழுந்த அடியில் வெளியே நின்ற கான்ஸ்டபிள் துள்ளிவிட்டார்.

9.30. மச்சான் வந்தான். வரும்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டு: "அத்தான், இப்படிப் பண்ணிட்டீங்களே! அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"அப்புறம் முழிக்கலாம். மூணு பேரும் வாயைக் கொப்பளிங்க," என்று ஆளுக்கொரு துண்டு நீட்டினார் மிளகாய்.

டாக்டர் மென்றார். "என்ன இது, விறகா?"

கம்பவுண்டர் மென்றார். இன்னும் மென்றார். முகம் வெளுத்துவிட்டது. "அம்மா... கசக்கலையே!"

மச்சான் கண்ணை இறுக்கி, தோளைக் குலுக்கினான். "அப்பப்பா! முதல் தரம் மேடம். என் பட்டை நாக்கையே சுட்டுரும்."

"மூணும் ஒரே ஜாடி," என்றார் மிளகாய். "அது வெறும் கட்டை. தெரியாதவன் திகைச்சுப் போவான், இவங்க ரெண்டு பேர் மாதிரி. கசக்காதுன்னு முன்னாடியே தெரிஞ்சவன்தான் மூஞ்சியைச் சுளிச்சு நடிக்கணும்."

"மூட்டை வந்த அன்னைக்கு அத்தான் நாக்கு கசந்துச்சுன்னு சொல்லுச்சே மேடம்!"

"சொல்லும். அசல் பட்டையை மென்ன நாக்குக்கு அப்புறம் அரை மணி நேரம் செருப்பு கூடக் கசக்கும். உங்க அத்தான் மாதிரியைத்தான் முதல்ல மெல்லுவார்னு உனக்குத் தெரியும். நிறத்தையும் வாசத்தையும் மட்டும் ஒப்பேத்தினா போதும்னு கணக்குப் போட்ட. அக்கா வீட்டுலயே கை வச்சிருக்க! மூணு நோயாளிங்க அதே தண்ணியைக் குடிச்சிட்டு உள்ள கிடக்காங்க. நல்ல பட்டை எங்கடா?"

"லாரியில... பத்து மணிக்குக் கிளம்புது."

மணி 9.48. மிளகாய் பிடித்த சட்டைக் காலரோடு மச்சான் ஜீப்பில் ஏறினான். 9.58க்கு லாரியின் முன்னால் ஜீப் குறுக்கே நின்றது.

கம்பவுண்டர் கை கூப்பி வந்தார். மிளகாய் அவரையும் விடவில்லை. "நீ திருடன் இல்ல. ஆனா இருபது வருஷத்துல ஒரு தடவை புதுசை முதல்ல மென்னிருந்தா அந்தப் புள்ள பிழைச்சிருக்கும்." அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

11.20. புதுக் கசாயம் வார்டுக்குள் போனது. ஒருவர் ஓங்கரித்தார். ஒருவர் டாக்டரின் பரம்பரையையே திட்டினார். ஒரு கிழவர் நர்ஸின் விரலைக் கடித்தேவிட்டார்.

வராந்தாவில் இருந்த இஸ்திரிக்காரி அந்தக் கூச்சலைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "என் பிள்ளையும் இப்படிக் கத்தியிருக்கணும், இல்லம்மா?"

மிளகாய் கான்ஸ்டபிளின் நோட்டைப் பிடுங்கினார். 'தாயின் புலம்பல்' என்பதைத் தாள் கிழியும்படி அடித்துவிட்டு, மேலே எழுதினார்: 'முதல் சாட்சி'.