குழாய்க்குள் போன கயிறு

கடைசித் தொட்டிக்கு வந்த மீன்கள் அங்கேயே நின்றுவிட்டன.

ஐப்பசி மழை பிடித்த நாளாய்க் கெங்கம்மாள் பார்த்து வருகிறாள். முத்தாபுதுப்பேட்டைக்கு வெளியே ஆற்றுத் தடுப்பணையின் ஓரமாக, மீன்கள் ஏறிப்போகப் படிபோலக் கட்டியிருந்த தொட்டிகளில் கெண்டையும் குரவையும் ஒன்றையொன்று இடித்துத் துள்ளி ஏறி, கடைசித் தொட்டியிலிருந்து சுவரைக் குடைந்து போகும் பெரிய குழாய்க்குள் புகுந்து அணைக்கு அந்தப் பக்கம் போய்விடும். ஏற முடியாமல் தவிப்பதைக் கூடையில் அள்ளி மேலே விடுவதும், அடைக்கிற குப்பையை எடுப்பதும் அவளுக்கும் புருஷன் துலுக்கானத்துக்கும் மழைக்கால வேலை. மண்ணூர்பேட்டையில் அவன் பார்த்த லேத் வேலை போன பிறகு கிடைத்தது.

இன்று ஒரு மீனும் குழாய்க்குள் நுழையவில்லை. நடுப்பகலிலேயே வானம் இருண்டு கிடந்தது. நூற்றுக்கணக்கான மீன்கள், துள்ளாமல், செவுள் மட்டும் அசைய, குழாயின் வாயையே பார்த்தபடி நின்றன. உள்ளேயிருந்து சேற்று வாடையோடு, வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததுபோல ஒரு புழுக்க வாடையும் வந்தது.

"உள்ள இன்னாவோ அடச்சிகினு கீது," என்றான் துலுக்கானம். மேலே ஷட்டரை இறக்கித் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்தான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுமுனையை அவளிடம் கொடுத்தான். "கொழா மொத்தமே இருவது அடி தான். தோ வந்துர்றேன்."

தவழ்ந்து உள்ளே போனான். சிமெண்டில் முழங்கால் உரசும் சத்தமும் அவன் இருமலும் குழாய்க்குள் உருண்டு உருண்டு வந்தன. கயிறு அவள் உள்ளங்கையில் வழுக்கிப் போனது. பத்தடி. இருபதடி. நிற்கவில்லை. முப்பது.

"யோவ், எங்கயா போற?"

"இன்னும் கொஞ்சம் கீது."

குரல் பக்கத்திலேயே கேட்டது. கயிறு போய்க்கொண்டே இருந்தது. ஐம்பதடிச் சுருளும் தீர்ந்து, முனை மட்டும் மிஞ்சியது. அதை இரும்புத் தூணில் கட்டிவிட்டுச் சுவரேறி ஓடினாள். அந்தப் பக்கம், ஷட்டருக்கும் குழாய்க்கும் நடுவில், தண்ணீர் வடிந்த பள்ளம். இறங்கிக் குனிந்து பார்த்தாள்.

நேரான குழாய். மறுகோடியில் வட்டமாய் மங்கிய வெளிச்சம். அங்கிருந்து வந்த கயிறு பாதிவரை தெரிந்தது. அதற்கு மேல் கயிறும் இல்லை. அவனும் இல்லை.

திரும்பி ஓடி வந்தாள். மீன்கள் அசையவில்லை.

"இழு, கெங்கா."

அவன் குரல்தான். தூணிலிருந்து அவிழ்த்தாள். இழுத்தாள். கனத்தது. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். உள்ளங்கை எரிந்தது. கயிறு வந்தது. இன்னும் வந்தது.

ஒரு கை. தலை. தோள்.

"வந்துட்டியா..." என்று குனிந்தாள். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. கண்கள் அவள் கையையே பார்த்தன.

"நா இழுன்னு சொல்லல, கெங்கா," என்றான் மெதுவாக. "கயித்த உட்ரு."

அவன் இடுப்பில் முடிச்சு இருந்தது. கயிறு அங்கே முடியவில்லை. அவன் கால்களைத் தாண்டி, விறைப்பாக, இருட்டுக்குள் போனது. அவன் குதிகாலுக்குப் பின்னால், கயிற்றைப் பற்றியபடி, தண்ணீரில் ஊறி வெளுத்த ஒரு கை.

அதன் பின்னால் இன்னொன்று.

அதன் பின்னாலும்.

"உட்ரு, கெங்கா."

விட்டுவிடத்தான் பார்த்தாள். விரல்கள் பிரியவில்லை. அவள் கைகள் இழுத்துக்கொண்டே இருந்தன.